பழைய மென்பொருள் நினைவகத்தை விழுங்கும்போது: கசிவைக் கண்டுபிடித்துக் கட்டுப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் திறந்தபோது சுறுசுறுப்பாக ஓடிய பழைய கணக்கு மென்பொருள், மாலைக்குள் தள்ளாடத் தொடங்குகிறது. பட்டன்களின் மேல் எழுத்துகள் மறைகின்றன, மெனு கறுப்புப் பெட்டியாக விரிகிறது, கடைசியில் 'நினைவகம் போதவில்லை' என்ற செய்தியோடு நின்றுவிடுகிறது. கணினியில் 16 ஜிபி ராம் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் காலியாகவும் இருக்கிறது. பலர் இந்த இடத்தில் இன்னொரு ராம் வாங்கிப் பொருத்துகிறார்கள். பெரும்பாலும் எதுவும் மாறுவதில்லை. தீர்ந்துபோனது கணினியின் நினைவகம் அன்று, அந்த மென்பொருளுக்கென்று ஒதுக்கப்பட்ட எல்லை. அந்த எல்லைகள் பல. எது தீர்கிறது என்று அளந்து பார்க்காமல் செய்யும் எந்த வைத்தியமும் குருட்டு வைத்தியம்தான்.

இந்த வழிகாட்டி, மூலநிரல் கையில் இல்லாத, ஆனால் அந்த மென்பொருளை விடவும் முடியாத நிலையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. விண்டோஸை முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ் பற்றி ஒரு பகுதி பின்னால் வருகிறது.

கசிவு எப்படி உண்டாகிறது

ஒரு நிரல் இயங்கும்போது இயங்குதளத்திடம் நினைவகம் கேட்டு வாங்குகிறது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால், அந்தப் பகுதி யாருக்கும் பயன்படாமல் அந்த நிரலின் பெயரிலேயே கிடக்கும். சி, சி++ மொழிகளில் எழுதியவற்றில் இது நேரடியான மறதி. 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6இல் காரணம் சற்று நுட்பமானது. ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை சுழியத்தைத் தொட்டால்தான் அது அழிக்கப்படும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தால் எண்ணிக்கை ஒருபோதும் சுழியமாகாது. குப்பை சேகரிப்பான் உள்ள ஜாவாவிலும் டாட் நெட்டிலும்கூட, தேவையற்ற பொருளை எங்கோ ஒரு பட்டியல் பிடித்துக்கொண்டிருந்தால் அது குப்பையாகக் கருதப்படுவதே இல்லை.

நிரலை மூடிவிட்டால், விண்டோஸ் என்டி வழிவந்த எல்லாப் பதிப்புகளும் அதன் தனி நினைவகம் முழுவதையும் மீட்டுக்கொள்கின்றன. விண்டோஸ் 3.1 காலத்தில் அப்படி இல்லை. நிரல் விட்டுச்சென்ற தூரிகை, எழுத்துரு போன்ற வரைபொருள்கள் அது மூடிய பிறகும் தங்கிவிடும். அன்று கணினியையே மறுதொடக்கம் செய்ய வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலும் அந்த நிரலை மட்டும் மூடித் திறந்தால் போதும். பின்னால் சொல்லப்போகும் கட்டுப்பாட்டு முறைகள் அனைத்தும் இதன் மேல்தான் நிற்கின்றன.

பழைய நிரல் இத்தனை ஆண்டுகள் நன்றாக ஓடிவிட்டு இப்போது மட்டும் ஏன் கசிகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது முதல் நாளிலிருந்தே கசிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அன்று கணினியைத் தினமும் அணைத்தோம். இன்று மூடி வைத்தால் உறங்குகிறது, திறந்தால் விழிக்கிறது, நிரல் வாரக்கணக்கில் மூடப்படுவதே இல்லை. தரவும் பெருகிவிட்டது. போதாக்குறைக்கு, புதிய பிரிண்டர் டிரைவர்களும் பாதுகாப்பு மென்பொருள்களும் தங்கள் டிஎல்எல் கோப்புகளை (பிற நிரல்கள் தமக்குள் ஏற்றிப் பயன்படுத்தும் நிரல்பகுதிகள்) அந்தப் பழைய நிரலுக்குள்ளேயே ஏற்றுகின்றன. அவற்றின் கசிவும் இதன் கணக்கில்தான் எழுதப்படும்.

படி 1: உண்மையிலேயே கசிவுதானா?

நினைவகம் அதிகமாக இருப்பது கசிவு அன்று. தரவைக் கையருகே வைத்துக்கொள்வதற்காக நிரல்கள் வேண்டுமென்றே நினைவகத்தை நிரப்பிக்கொள்ளும். அப்படிப்பட்ட வளர்ச்சி ஓர் உயரத்தில் நின்றுவிடும். கசிவு நிற்காது.

சோதனை எளிது. நிரலைத் திறந்து, வழக்கமாகச் செய்யும் ஒரு வேலையை, ஓர் அறிக்கையைத் திறந்து மூடுவது என்று வைத்துக்கொள்ளலாம், சில முறை செய்யுங்கள். இது வெறும் சூடேற்றல். இந்தச் சுற்றில் ஏறும் நினைவகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பிறகு அதே வேலையை இருபது முறை செய்து, முன்னும் பின்னும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் ஓர் இருபது. இரண்டு சுற்றுகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு ஏறியிருந்தால் கசிவு உறுதி. இரண்டாம் சுற்றில் ஏற்றம் அடங்கிவிட்டால் அது சேமிப்புத்தான், கவலை வேண்டாம்.

படி 2: சரியான எண்ணைப் பாருங்கள்

டாஸ்க் மேனேஜர் முதலில் காட்டும் 'மெமரி' எண், அந்த நொடியில் ராமில் இருக்கும் பகுதியைத்தான் சொல்கிறது. நெருக்கடி வந்தால் விண்டோஸ் அதைப் பிடுங்கி வட்டுக்குத் தள்ளிவிடும். அப்போது எண் இறங்கும், கசிவு மட்டும் அப்படியே இருக்கும். இந்த ஒரு எண்ணை நம்பித்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

'டீடெய்ல்ஸ்' பக்கத்துக்குச் சென்று, தலைப்பு வரியின் மேல் வலது சொடுக்கி, இந்த ஐந்து நெடுவரிசைகளைச் சேருங்கள்: கமிட் சைஸ், ஹேண்டில்ஸ் (கோப்பு போன்றவற்றை நிரல் திறந்து வைத்திருக்கும் பிடிகள்), த்ரெட்ஸ் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை இழைகள்), யூசர் ஆப்ஜெக்ட்ஸ், ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்.

கமிட் சைஸ் என்பது ராமிலோ வட்டிலோ அந்த நிரலுக்கென்று விண்டோஸ் உறுதியளித்த நினைவகம். அது ஏறினால் சாதாரண நினைவகக் கசிவு. பழைய 32-பிட் நிரலுக்கு, எந்தக் கணினியாக இருந்தாலும், இயல்பாகக் கிடைக்கும் முகவரி வெளி (நிரல் தொடக்கூடிய நினைவக முகவரிகளின் பரப்பு) 2 ஜிபி மட்டுமே. அதுவும் துண்டு துண்டாகச் சிதறிவிடுவதால், முழு 2 ஜிபியை எட்டும் முன்பே பெரிய துண்டு கேட்கும்போது கிடைக்காமல் நிரல் விழும்.

ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் என்பவை பேனா, தூரிகை, எழுத்துரு, படம் போன்ற வரைபொருள்கள். ஒரு பிராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் ஒரு பிரதிக்கு, இயல்பான உச்சவரம்பு 10,000. யூசர் ஆப்ஜெக்ட்ஸ் என்பவை சாளரம், மெனு, கர்சர் வகையறா. அவற்றுக்கும் 10,000. மெனு கறுப்பாவதும் எழுத்துகள் மறைவதும் இந்த வரம்பை நெருங்கியதன் அடையாளம். இந்தக் கசிவில் நினைவக எண் கிட்டத்தட்ட அசையாமலே இருக்கும். அதனால்தான் 'ராம் நிறைய இருக்கிறது, ஆனால் திரை சிதைகிறது' என்ற புதிர் எழுகிறது. என் பார்வையில், பழைய வணிக மென்பொருள்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இந்த வரம்பை ரெஜிஸ்ட்ரியில் உயர்த்த வழி இருக்கிறது, ஜிடிஐக்கு 65,536 வரை. ஆனால் ஒரு பயனரின் அமர்வு முழுவதற்கும் சேர்த்தே மொத்தம் 65,536தான். ஒரு நிரலுக்குத் தாராளம் காட்டினால் மற்ற நிரல்களின் சாளரங்களும் சிதையத் தொடங்கும். உயர்த்தாமல் இருப்பதே நல்லது.

த்ரெட் எண்ணிக்கை ஏறினால் அதையும் அலட்சியப்படுத்த வேண்டாம். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் இயல்பாக 1 எம்பி முகவரி வெளி ஒதுக்கப்படுகிறது. 2 ஜிபி வீட்டில் சுமார் இரண்டாயிரத்துக்கு மேல் அவை அடங்கா.

படி 3: ஒரு முழு நாளைப் பதிவு செய்யுங்கள்

கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது போதாது. விண்டோஸோடு வரும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் ஒரு டேட்டா கலெக்டர் செட் உருவாக்குங்கள். 'பிராசஸ்' பிரிவில் உங்கள் நிரலைத் தேர்ந்து பிரைவேட் பைட்ஸ் (கமிட் சைஸுக்கு நிகரானது), விர்ச்சுவல் பைட்ஸ் (நிரல் பிடித்துவைத்த முகவரி வெளி), ஹேண்டில் கவுண்ட், த்ரெட் கவுண்ட் ஆகிய நான்கையும் சேருங்கள். 'மெமரி' பிரிவிலிருந்து பூல் நான்பேஜ்டு பைட்ஸையும் சேருங்கள், அதன் பயன் அடுத்த படியில் தெரியும். நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும். இதன் பட்டியலில் ஜிடிஐ, யூசர் எண்கள் இல்லை. அவற்றை மட்டும் மணிக்கு ஒருமுறை டாஸ்க் மேனேஜரைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு பிராசஸ்கள் ஓடினால் இந்தக் கருவி பெயருக்குப் பின்னால் #1, #2 என்று எண் போடும். முதலாவது மூடப்பட்டால் எண்கள் இடம் மாறும், வரைபடம் திடீரென்று விழுந்ததுபோலத் தோன்றும். ஆகவே பதிவு நடக்கும் நாளில் அந்த நிரலின் ஒரு பிரதியை மட்டும் ஓடவிடுங்கள்.

பதிவோடு ஒரு தாளும் வேண்டும். எத்தனை மணிக்கு அச்சிட்டீர்கள், எப்போது இறக்குமதி செய்தீர்கள், எப்போது சும்மா விட்டீர்கள் என்று அதில் எழுதுங்கள். இந்தத் தாள்தான் வரைபடத்தைப் பேச வைக்கும். கோடு படிக்கட்டாக ஏறினால், ஒவ்வொரு படியும் ஒரு குறிப்பிட்ட வேலையோடு பொருந்தும். அந்த வேலைதான் கசிகிறது. யாரும் தொடாத உணவு இடைவேளையிலும் சீராக ஏறினால், பின்னணியில் ஓடும் டைமர் அல்லது தரவுத்தள இணைப்பைச் சந்தேகியுங்கள். பிரைவேட் பைட்ஸ் அடங்கியிருக்க விர்ச்சுவல் பைட்ஸ் மட்டும் ஏறினால், ஒதுக்கி வைத்துப் பயன்படுத்தாத வெளியோ த்ரெட் கசிவோ காரணமாக இருக்கலாம்.

படி 4: குற்றவாளி நிரலா, விருந்தாளியா, டிரைவரா?

மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் இரண்டு இங்கே தேவை. பிராசஸ் எக்ஸ்ப்ளோரரின் கீழ்ப்பகுதியில் அந்த நிரலுக்குள் ஏறியிருக்கும் டிஎல்எல்களின் பட்டியல் தெரியும். மென்பொருள் நிறுவனமோ மைக்ரோசாஃப்டோ தராத கோப்புகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். 'ஃபைல் ஓபன்' சாளரத்தைத் திறந்து மூடிய பிறகு பட்டியலை மீண்டும் பாருங்கள். மேகச் சேமிப்பு, சுருக்கக் கருவி போன்றவற்றின் நீட்சிகள் புதிதாக உள்ளே வந்திருக்கும். அச்சுச் சாளரத்தைத் திறந்தால் பிரிண்டர் டிரைவரின் பகுதிகள் வரும்.

இனி ஒவ்வொன்றாக விலக்கிச் சோதியுங்கள். இயல்பு பிரிண்டரை விண்டோஸின் பிடிஎஃப் பிரிண்டராக மாற்றி, படி 1இன் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கசிவு நின்றால் குற்றம் டிரைவருடையது, பழைய மென்பொருள் வீண்பழி சுமந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அல்லாத சேவைகளை நிறுத்திவிட்டுத் தொடங்கும் 'கிளீன் பூட்' முறையிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது கருவி விஎம்மேப். ஹீப் (நிரல் ஓடும்போது சிறு துண்டுகளாகக் கேட்டு வாங்கும் பகுதி), பிரைவேட் டேட்டா, ஸ்டேக், இமேஜ் என்று நினைவகத்தை வகை பிரித்து வண்ணத்தில் காட்டும். எந்த வகை வளர்கிறது என்பது பிற்பாடு நிரலாளரிடம் பேசும்போது பெரிய துப்பு. அதைவிட முக்கியமாக, 'ஃப்ரீ' வரியில் 'லார்ஜஸ்ட்' என்ற நெடுவரிசையைப் பாருங்கள். மொத்தம் 600 எம்பி காலியாக இருந்தும், மிகப்பெரிய தொடர்ச்சியான துண்டு 20 எம்பிதான் என்றால், 30 எம்பி படம் ஒன்றைத் திறக்கும் நொடியில் நிரல் விழும். இதற்குப் பெயர் சிதறல். அறிகுறி கசிவைப் போலவே இருக்கும்.

எந்த பிராசஸின் எண்ணும் ஏறாமல் கணினி முழுவதுமே திணறினால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் பக்கம் திரும்புங்கள். டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் நான்-பேஜ்டு பூல் (வட்டுக்குத் தள்ள முடியாத கெர்னல் நினைவகம்) பல ஜிபியாக வீங்கியிருந்தால், ஒரு டிரைவர் கசிகிறது. விண்டோஸ் டிரைவர் கிட்டோடு வரும் பூல்மான் என்ற கருவி, ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் நான்கு எழுத்துக் குறியோடு பட்டியலிடும். ஏறிக்கொண்டே போகும் குறியைப் பிடித்து, டிரைவர்கள் இருக்கும் கோப்புறையில் ஃபைண்ட்ஸ்டிரிங் கட்டளையால் தேடினால், பெரும்பாலும் கோப்பின் பெயரே கிடைத்துவிடும். பழைய மென்பொருளோடு வந்த உரிமப் பூட்டுச் சாதனங்களின் டிரைவர்களை இங்கே மறவாமல் பாருங்கள்.

ஈவண்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் 2004 என்ற எண்ணைத் தேடுவதும் பயன் தரும். மெய்நிகர் நினைவகம் தீரும் நிலை வந்தபோது அதிகம் விழுங்கிய பிராசஸ்களின் பெயர்களை விண்டோஸ் அதில் எழுதிவைக்கிறது.

படி 5: 2 ஜிபி எல்லையை விரிப்பது

64-பிட் விண்டோஸில் ஓடும் 32-பிட் நிரலின் கோப்பில் 'லார்ஜ் அட்ரஸ் அவேர்' என்ற அடையாளம் இருந்தால், 2 ஜிபிக்குப் பதில் 4 ஜிபி கிடைக்கும். விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் எடிட்பின் கருவியால் இதை மூலநிரல் இல்லாமலேயே இடலாம்.

செய்யும் முன் மூன்று விஷயங்கள். மூலக் கோப்பைப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். கோப்பு மாறுவதால் அதன் டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போகும், உரிம ஒப்பந்தமும் திருத்துவதைத் தடுக்கலாம். மூன்றாவதுதான் ஆபத்தானது: 2 ஜிபிக்கு மேல் முகவரியே வராது என்று நம்பி, முகவரியின் மேல் பிட்டை வேறு வேலைக்குப் பயன்படுத்திய பழைய நிரல்கள் உண்டு. அவை விழாமலேயே தவறான விடை தரக்கூடும். கணக்குத் தொடர்பான மென்பொருளில், பிரதித் தரவை வைத்து முழுதாகச் சரிபார்க்காமல் இதைச் செய்யாதீர்கள். தவறான கூட்டுத்தொகையைவிட நின்றுபோகும் நிரல் எவ்வளவோ மேல்.

இது கசிவை நிறுத்துவதில்லை, நிரல் விழும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. மாலை நான்கு மணிக்கு விழுவது வேலை முடிந்த பிறகு விழும் என்றால் அதுவே பலருக்குப் போதுமானது.

படி 6: இயங்குதளமே செய்யும் சரிக்கட்டல்களைப் பாருங்கள்

விண்டோஸ் 95 உருவானபோது நடந்த ஒன்று நன்கு அறியப்பட்டது. சிம்சிட்டி விளையாட்டு, தான் விடுவித்த நினைவகத்தையே உடனே மீண்டும் படித்தது. பழைய சூழலில் தப்பித்த அந்தப் பிழை புதிய இயங்குதளத்தில் விளையாட்டை வீழ்த்தியது. மைக்ரோசாஃப்ட், அந்த விளையாட்டு ஓடும்போது மட்டும் நினைவகத்தை உடனடியாக விடுவிக்காத தனி முறையை விண்டோஸில் சேர்த்தது.

இதே எண்ணம் 2009இல் விண்டோஸ் 7இல் 'ஃபால்ட் டாலரன்ட் ஹீப்' என்ற பெயரில் பொதுவான வசதியாக வந்தது. ஒரு நிரல் ஹீப் பிழையால் அடிக்கடி விழுவதைக் கண்டால், விண்டோஸ் தானாகவே அதற்குக் கூடுதல் இடைவெளி விட்டு ஒதுக்கி, விடுவிப்பதையும் தாமதப்படுத்தும். நிரல் பிழைத்துக்கொள்ளும், ஆனால் வேகம் குறையும், நினைவகம் கூடும். நேற்று வரை ஒழுங்காக இருந்த நிரல் சில முறை விழுந்த பிறகு திடீரென்று அதிகம் தின்றால் இதைச் சந்தேகியுங்கள். ஈவண்ட் வியூவரில் இதற்குத் தனிப் பதிவுப் பிரிவு இருக்கிறது. எந்த நிரலுக்கு எப்போது இயங்கத் தொடங்கியது என்பதை அங்கே காணலாம். அணைக்கத் தோன்றினால், விழுவதற்கான காரணத்தை முதலில் கவனியுங்கள்.

கம்பேட்டிபிலிட்டி மோடு பற்றிச் சுருக்கமாக: அது பெரும்பாலும் விண்டோஸ் பதிப்பு எண்ணை மாற்றிச் சொல்லும், சில பழைய நடத்தைகளைப் போலி செய்யும். கசிவை அடைக்க உருவானதன்று.

படி 7: கட்டுக்குள் வைத்திருப்பது

மூலநிரல் இல்லாதபோது நேர்மையான தீர்வு ஒன்றுதான்: வரம்பைத் தொடும் முன், நமக்கு ஏற்ற நேரத்தில், நிரலை ஒழுங்காக மூடித் திறப்பது. இதை அரைகுறை வேலை என்று நினைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் இணைய சேவையகம் தன் பணி பிராசஸ்களை இயல்பாக 1,740 நிமிடங்களுக்கு ஒருமுறை, அதாவது 29 மணி நேரத்துக்கு ஒருமுறை, புதுப்பிக்கிறது. அப்பாச்சி சேவையகத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு பிராசஸை மாற்றும் அமைப்பு இருக்கிறது, அது நினைவகக் கசிவை எண்ணித்தான் வைக்கப்பட்டது.

எப்போது மூடுவது என்பதை உங்கள் பதிவே சொல்லும். நிரல் 300 எம்பியில் தொடங்கி 1,500 எம்பியில் விழுகிறது, ஓர் அறிக்கைக்கு 40 எம்பி கசிகிறது என்றால், 30 அறிக்கைகள் தாங்கும். இருபதாவதில் மூடித் திறந்தால் பாதுகாப்பு. மாதக் கடைசியில் நூறு அறிக்கை எடுக்க வேண்டுமா? ஐந்து தொகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

டாஸ்க் ஷெட்யூலர் வழியாகத் தானியங்கி ஆக்கினால், மூடும் முறையில் கவனம் தேவை. நிரல்களை மூடும் 'டாஸ்க்கில்' (taskkill) கட்டளை சாதாரணமாகக் கொடுக்கப்பட்டால் 'மூடிக்கொள்' என்று கேட்கும். கட்டாய விருப்பத்தோடு கொடுத்தால் வெட்டி எறியும். ஆக்சஸ், டிபேஸ் வகைக் கோப்புகளில் நேரடியாக எழுதும் பழைய மென்பொருளை இடையில் வெட்டினால் தரவுக் கோப்பே கெடலாம். முதலில் கேளுங்கள், காத்திருங்கள், கட்டாயம் என்பது கடைசி வழி. மூடிய நேரத்திலேயே தரவைப் பிரதி எடுத்துக்கொள்வதும் நல்ல வழக்கம்.

நிரல் மற்ற வேலைகளையும் இழுத்துக்கொண்டு விழுகிறது என்றால், அதற்கென ஒரு மெய்நிகர் கணினி அமைத்து அளவான நினைவகம் கொடுத்து உள்ளே ஓடவிடுங்கள். 16-பிட் நிரல்களுக்கு இது கட்டாயமே, ஏனெனில் 64-பிட் விண்டோஸில் அவை ஓடுவதில்லை.

'ராம் கிளீனர்' மென்பொருள்களை நிறுவாதீர்கள். அவை ராமில் இருக்கும் பக்கங்களை வட்டுக்குத் தள்ளிவிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டுகின்றன. கமிட் சைஸ் ஒரு பைட்கூட இறங்காது, அந்தப் பக்கங்களைத் திரும்பப் படிக்கும்போது கணினி இன்னும் மெதுவாகும். பேஜ் ஃபைலை (ராமிலிருந்து தள்ளப்படும் பக்கங்களை வைக்கும் வட்டுக் கோப்பு) அணைப்பதும் கெடுதலே. ராமும் பேஜ் ஃபைலும் சேர்ந்ததுதான் கணினியின் மொத்தக் கமிட் வரம்பு. அணைத்தால் வரம்பு சுருங்கி, கசியும் நிரலோடு கசியாத நிரல்களும் விழும்.

லினக்ஸில்

லினக்ஸில் நினைவகம் தீரும்போது கெர்னலின் ஓஓஎம் கில்லர் ஒரு பிராசஸைத் தேர்ந்து கொல்லும். அது கசியும் நிரலாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே பழைய நிரலை, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கீழ் ஒரு சேவையாக ஓட்டி, மெமரிமேக்ஸ் என்ற அமைப்பால் அதற்கு மட்டும் உச்சவரம்பு இடுங்கள். விழுந்தால் தானாக மீண்டும் தொடங்கும்படியும் அமைத்துக்கொள்ளலாம்.

பல த்ரெட்கள் கொண்ட பழைய நிரல் புதிய சேவையகத்தில் மட்டும் வீங்கினால், கசிவென்று முடிவு கட்டும் முன், நிரல்களுக்கு நினைவகம் ஒதுக்கித் தரும் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியைக் (glibc) கவனியுங்கள். 64-பிட்டில் அது கோர் ஒன்றுக்கு எட்டு என்ற அளவு வரை தனித்தனி நினைவகக் களங்களை உருவாக்கிக்கொள்ளும். கோர்கள் கூடக்கூட வீக்கமும் கூடும். மால்லாக் அரீனா மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 அல்லது 4 என்று வைத்து ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

படி 8: நிரலாளரிடம் கொண்டுசெல்வது

மென்பொருளைப் பராமரிப்பவர் யாரேனும் இன்னும் இருந்தால், 'மெதுவாகிறது' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த எண் ஏறுகிறது, எந்த வேலைக்கு எவ்வளவு ஏறுகிறது, எந்த எண்ணில் விழுகிறது, பிரிண்டரை மாற்றியபோது என்ன ஆனது என்ற நான்கையும் வரைபடத்தோடு கொடுங்கள். மூலநிரல் வைத்திருப்பவர் ஜிஃபிளாக்ஸ் மூலம் ஒதுக்கீட்டுத் தடத்தை இயக்கி, யூஎம்டிஹெச் கருவியால் இரண்டு நேரங்களில் படம் எடுத்து ஒப்பிட்டால், கசியும் வரிக்கே சென்றுவிடலாம். லினக்ஸில் அதே வேலையை வால்கிரைண்ட் செய்யும்.

டம்ப் கோப்பு கேட்டால், 64-பிட் விண்டோஸில் 32-பிட் நிரலுக்கு வழக்கமான டாஸ்க் மேனேஜரால் எடுப்பது ஆய்வுக்குச் சிக்கல் தரும். சிஸ்வாவ்64 கோப்புறையில் இருக்கும் 32-பிட் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எடுங்கள், அல்லது சிஸ்இன்டர்னல்ஸின் பிராக்டம்ப்பைப் பயன்படுத்துங்கள். அந்தக் கோப்பில் நிரலின் நினைவகம் முழுவதும் அப்படியே இருக்கும்: வாடிக்கையாளர் பெயர்கள், தொகைகள், சில நேரம் கடவுச்சொற்களும். மாதிரித் தரவை ஏற்றிக் கசிவை உண்டாக்கிவிட்டு டம்ப் எடுங்கள். உண்மைத் தரவோடு எடுத்ததை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள்.